குழாயில் படியும் கிருமிப் படலமும் கேட்காத மருந்துகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் ஒரு மருத்துவமனையின் மைக்ரோபயாலஜி லேபில் 19 வருடமாக வேலை பார்க்கிறேன். கல்ச்சர் ரிப்போர்ட் வாங்க வருபவர்கள் என் மேசைக்குப் பக்கத்து ஜன்னலில்தான் நிற்பார்கள். ஆத்தூர், ஓமலூர், ஏற்காடு என்று எங்கிருந்து வந்தாலும் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். நர்சிங் மாணவிகளும், புராஜெக்ட் செய்ய வரும் கல்லூரிப் பிள்ளைகளும் கேட்பவை கொஞ்சம் ஆழமாக இருக்கும். எல்லாவற்றையும் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே எழுதி வைக்கிறேன். மருந்தை முடிவு செய்வது உங்கள் டாக்டர். ரிப்போர்ட்டுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பதைச் சொல்வது மட்டும் என் வேலை.

"கல்ச்சர் ரிப்போர்ட்ல 'எஸ்', 'ஆர்'னு போட்டிருக்கே, அது என்னங்க?"

சிறுநீர், சளி, சீழ் எது வந்தாலும் முதலில் அதைக் கிருமி வளர்க்கும் ஜெல்லித் தட்டில் தீற்றி இரவு முழுக்க இன்குபேட்டரில் வைப்போம். காலையில் புள்ளி புள்ளியாகக் கிருமி வளர்ந்திருக்கும். அதில் ஒரு புள்ளியைத் தொட்டு உப்புத் தண்ணீரில் கலக்குவோம். தண்ணீர் லேசாகக் கலங்கும். அந்தக் கலங்கலுக்கு ஓர் அளவு உண்டு, 0.5 மெக்ஃபார்லண்ட் என்போம். ஒரு மில்லியில் ஏறக்குறைய 15 கோடி கிருமி என்று கணக்கு. அதை இன்னொரு தட்டில் பூசி, மருந்து ஊறிய சின்னச் சின்னக் காகித வட்டங்களை வைத்து, 35 டிகிரியில் 16 முதல் 18 மணி நேரம் விடுவோம். மருந்து கேட்டால் வட்டத்தைச் சுற்றிக் கிருமி இல்லாத வளையம் விழும். ஸ்கேல் வைத்து அதை அளப்போம். வளையம் போதுமான அகலம் என்றால் 'எஸ்', அந்த மருந்து கேட்கும். இல்லையென்றால் 'ஆர்', கேட்காது.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். நாங்கள் சோதிப்பது உப்புத் தண்ணீரில் தனித்தனியாக மிதந்த கிருமியை. இது பின்னால் திரும்பத் திரும்ப வரும்.

"டாக்டர் 'பயோஃபிலிம் ஃபார்ம் ஆயிருச்சு'ன்னு சொன்னார். அப்படின்னா?"

மேட்டூர் தண்ணி நாலு நாளைக்கு ஒரு தரம் வரும் வீடுகளில் பிளாஸ்டிக் டிரம்மில் பிடித்து வைப்போம் இல்லையா? தீர்ந்ததும் டிரம்முக்குள் கையை விட்டுச் சுவரைத் தடவிப் பாருங்கள். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, கை வழுக்கும். தண்ணீரை ஊற்றி அலசினால் போகாது, நார் போட்டுத் தேய்த்தால்தான் போகும். அந்த வழவழப்புதான் பயோஃபிலிம். கிளியூர் அருவிப் பாறையில் கால் வழுக்குவதும் பாசியும் கிருமியும் சேர்ந்து கட்டிய அதே மாதிரிப் படலத்தால்தான். தமிழில் உயிர்ப்படலம் என்று எழுதுகிறார்கள். நான் கிருமிப் படலம் என்றே சொல்கிறேன், உடனே புரிகிறது.

மிதந்து வரும் கிருமி ஒரு பரப்பில் ஒட்டுகிறது. பிறகு பெருகி, தன்னைச் சுற்றிச் சர்க்கரைச் சங்கிலிகள், புரதம், செத்த கிருமிகளிலிருந்து வந்த டி.என்.ஏ. எல்லாம் கலந்த ஒரு பிசினைச் சுரக்கிறது. அந்தப் பிசினுக்குள் கூட்டமாக வாழ்கிறது. 1680களில், லென்ஸ் செய்து கிருமிகளை முதலில் பார்த்த லீவன்ஹூக் தன் பல்லில் சுரண்டியெடுத்த வெள்ளைப் படிவை லென்சில் பார்த்து அசந்துபோனாரே, அதுவும் இதுதான். ஆனால் கிருமியின் இயல்பான வாழ்க்கையே இப்படித்தான் என்று பில் காஸ்டர்டன் என்ற நுண்ணுயிரியலாளர் அழுத்திச் சொல்ல 1978 ஆகிவிட்டது. அதுவரை எல்லோரும் மிதக்கும் கிருமியையே படித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆஸ்பத்திரில எந்தக் கிருமி இப்படிப் படலம் கட்டுது?"

எங்கள் தட்டில் அடிக்கடி பார்ப்பவை ஆறேழு. கிளெப்சியெல்லா, மெக்காங்கி என்ற வகைத் தட்டில் இளஞ்சிவப்பாகக் கொழகொழவென்று வளரும். சூடோமோனாஸ், தட்டையே பச்சையாக்கிவிடும், மூடியைத் திறந்தால் திராட்சை மாதிரி ஒரு வாசனை. அசினெட்டோபாக்டர், காய்ந்த பரப்பில்கூட வாரக்கணக்கில் சாகாமல் இருக்கும். தோலில் வாழும் ஸ்டெஃபிலோகாக்கஸ் வகைகள், ஊசிக் குழாயிலும் எலும்புக்குள் வைத்த பிளேட்டிலும் ஏறிவிடும். சிறுநீர்க் குழாயில் ஈ.கோலி, என்ட்ரோகாக்கஸ், புரோட்டியஸ்.

"யூரின் டியூப் போட்டதாலதான் கிருமி வந்துச்சா? போடாமலே விட்டிருக்கலாமே?"

சிறுநீர் அடைத்துக்கொண்டவருக்கும், மணிக்கு எத்தனை மில்லி போகிறது என்று அளக்க வேண்டிய ஐ.சி.யூ. நோயாளிக்கும் டியூப் போடாமல் இருக்க முடியாது. போட்டதைக் குறை சொல்லாதீர்கள். எத்தனை நாள் உள்ளே இருக்கிறது என்பதுதான் கேள்வி. டியூப் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் கிருமி ஏறும் வாய்ப்பு 3 முதல் 7 சதவீதம் என்பது நெடுநாள் கணக்கு. ஒரு மாதம் இருந்தால் ஏறக்குறைய எல்லோருக்கும் ஏறிவிடும். அதனால் ரவுண்ட்ஸ் வரும் டாக்டரிடம், "இன்னைக்கு டியூப் வேணுமா சார்?" என்று தினமும் கேளுங்கள். தயங்க வேண்டாம், நல்ல டாக்டர் யாரும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

புரோட்டியஸ் பற்றித் தனியாக ஒன்று. போர் தண்ணீர் கொதிக்கவைத்த பாத்திரத்தில் வெள்ளையாக உப்புப் படியுமே, அந்தக் கிருமி டியூபுக்குள் அதே வேலையைச் செய்யும். யூரியாவை உடைத்து அமோனியாவாக்கும், சிறுநீர் காரமாக மாறும், உப்பு படிகமாகித் துளையை அடைக்கும். "டியூப் அடிக்கடி அடைக்குதுங்க" என்று சொல்லி வருபவர்களின் சிறுநீரில் பல தடவை இதைத்தான் பார்த்திருக்கிறேன்.

"ரிப்போர்ட்ல 'எஸ்'னுதான் இருக்கு, அதே ஊசிதான் போட்டாங்க. காய்ச்சல் விட்டுட்டு மறுபடி வருதே, ரிப்போர்ட் தப்பா?"

இந்த ஜன்னலில் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். கேட்பவர் குரலில் கோபமும் இருக்கும், பயமும் இருக்கும். ரிப்போர்ட் தப்பில்லை. முதல் பதிலில் சொன்னேனே, நாங்கள் சோதித்தது மிதக்கும் கிருமியை. ரத்தத்திலும் சிறுநீரிலும் மிதந்ததை மருந்து கொன்றது, காய்ச்சல் விட்டது. டியூபில் படலமாக ஒட்டியிருந்தது சாகவில்லை. மருந்து நின்றதும் அதிலிருந்து புதிய கிருமிகள் கழன்று மிதந்தன, காய்ச்சல் திரும்பியது. மிதக்கும் கிருமியைக் கொல்லும் அளவைப் போல் 10 முதல் 1000 மடங்கு வரை மருந்து தேவைப்படும், அதே கிருமி படலத்துக்குள் இருந்தால். அந்த அளவை உடம்பு தாங்காது.

ஏன் சாகவில்லை? பிசின் சில மருந்துகளைத் தடுத்துப் பிடித்துக்கொள்கிறது, அது ஒரு பாதி. பெரிய காரணம் வேறு. படலத்தின் அடியில் ஆக்சிஜனும் உணவும் குறைவு, அங்கே கிருமி வளராமல் மந்தமாகக் கிடக்கும். பெனிசிலின் குடும்பம் சுவர் கட்டும்போது அடிக்கும் மருந்து. கட்டாதவனை எப்படி அடிப்பது? அதோடு எந்தக் கூட்டத்திலும் ஒரு சில கிருமிகள் முழுத் தூக்கத்தில் இருக்கும். 1944இல் ஜோசப் பிக்கர் என்ற ஆய்வாளர் பெனிசிலின் ஊற்றியும் சாகாமல் எஞ்சிய ஸ்டெஃபிலோகாக்கஸைப் பார்த்து அவற்றுக்குப் பெர்சிஸ்டர் என்று பெயர் வைத்தார். அந்த எஞ்சியவற்றை வளர்த்து மறுபடி பெனிசிலின் ஊற்றினால் பெரும்பாலும் செத்துப்போகும். எதிர்ப்புச் சக்தி வந்த கிருமி அல்ல, தூங்கித் தப்பிய கிருமி.

அதனால்தான் டாக்டர் "டியூபை மாத்தணும்", "லைனை (ரத்தக் குழாயில் போட்ட ஊசிக் குழாயை) எடுக்கணும்" என்கிறார். மருந்து வேலை செய்யவில்லை என்று கைவிட்டுவிட்டதாக அதை எடுத்துக்கொள்ள வேண்டாம். படலம் படிந்த பொருளை வெளியே எடுப்பதே இங்கே முதல் சிகிச்சை.

"நெட்ல 'புரோட்டீன் மாடிஃபிகேஷன்'னு படிச்சேன். நான் குடிக்கிற புரோட்டீன் பவுடர் கிருமிக்குப் போயிருமா?"

போகாது. நீங்கள் குடிப்பது செரித்து உங்கள் உடம்புக்குத்தான். டாக்டர் சொன்ன சத்தை நிறுத்திவிடாதீர்கள். இங்கே பேசுவது கிருமி தனக்காகத் தனக்குள் செய்துகொள்ளும் புரதங்களைப் பற்றி. செய்து முடித்த புரதத்தின் மேல் ஒரு பாஸ்பேட்டையோ, அசிட்டைல் துண்டையோ, சர்க்கரையையோ கிருமி ஒட்டவைக்கும். வேண்டாதபோது பலவற்றைக் கழற்றவும் செய்யும். அந்த ஒட்டு ஏறினால் புரதத்தின் வேலை மாறும்.

"மருந்து கேட்காமப் போறது ஜீன் மாறுறதாலதானே மேடம்? இந்த ஒட்டு எங்க வருது?"

இதைக் கேட்டது நர்சிங் இரண்டாம் வருட மாணவி. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிப் பட்டறையில் வளர்ந்த பெண். அதனால் கொலுசை வைத்தே சொன்னேன். கொலுசின் அச்சையே மாற்றினால் அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு கொலுசும் வேறு மாதிரி இருக்கும், அது ஜீன் மாற்றம். சிப்ரோஃப்ளாக்சசின் ஒட்டும் கைரேஸ் புரதத்தில் ஓர் அமினோ அமிலம் மாறிப்போனால் மருந்து ஒட்டாது, அது பிள்ளை பேரன் வரைக்கும் தொடரும். வேறு பட்டறையிலிருந்து புது அச்சே வாங்கி வருவதும் உண்டு. 1961இல் இங்கிலாந்தில் கண்ட எம்.ஆர்.எஸ்.ஏ., அதாவது மெதிசிலினுக்கு அடங்காத ஸ்டெஃபிலோகாக்கஸ், அப்படித்தான், பெனிசிலின் குடும்பம் பிடிக்க முடியாத சுவர்-கட்டும் புரதம் ஒன்றை மெக்-ஏ என்ற ஜீனோடு சேர்த்து வாங்கிக்கொண்டது.

ஒட்டு என்பது திருகாணி. கொலுசு அதே வெள்ளி, அதே வேலைப்பாடு. திருகாணியைப் போட்டால் காலில் நிற்கும், கழற்றினால் நிற்காது. போடவும் கழற்றவும் ஒரு நொடி. கிருமியும் அப்படியே, அச்சை மாற்றத் தலைமுறைகள் பிடிக்கும், திருகாணியை நொடியில் போட்டுவிடும். தூங்கும் கிருமி என்றேனே, ஈ.கோலியில் அதற்கு ஒரு வழி ஹிப்-ஏ என்ற புரதம். புரதம் கட்டும் பட்டறைக்குக் குளூட்டமேட் என்ற சரக்கை ஏற்றிவிடும் நொதி ஒன்று உண்டு. ஹிப்-ஏ அதன் மேல் ஒரு பாஸ்பேட்டை வைக்கிறது. சரக்கு ஏறுவது நிற்கிறது, பட்டறை நிற்கிறது, கிருமி தூங்குகிறது. எங்கள் தட்டில் மறுபடி வளரும்போது திருகாணி கழன்றிருக்கும். அதனால்தான் 'எஸ்' என்றே வரும்.

"அப்போ கிருமி டியூபைத் தொட்டதும் படலம் கட்டணும்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

அதே திருகாணிதான். சூடோமோனாஸ் பரப்பில் படும்போது அதன் மேலுறையில் இருக்கும் உணரி விழித்துக்கொண்டு, உள்ளே இருக்கும் டபிள்யூ.எஸ்.பி.ஆர். என்ற புரதத்துக்குப் பாஸ்பேட் வைக்கிறது. பாஸ்பேட் ஏறிய அந்தப் புரதம் சைக்ளிக் டை-ஜி.எம்.பி. என்ற சின்ன மூலக்கூறை உற்பத்தி செய்யும். அது கூடினால் நீந்துவது குறையும், பிசின் சுரப்பது கூடும். மோஷே பென்சிமான் குழுவினர் 1987இல் இந்த மூலக்கூறைக் கண்டபோது, வேறொரு பாக்டீரியா செல்லுலோஸ் நெய்வதைப் படித்துக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரிக் கிருமியின் சாவி அங்கே கிடைத்தது என்பதை இப்போது நினைத்தாலும் எனக்கு ஆச்சரியம்.

மற்றவை வேறு ஒட்டுகளை நம்புகின்றன. ஸ்டெஃபிலோகாக்கஸ் ஒட்டுவதற்கான புரதங்களைச் சோர்டேஸ் என்ற நொதி குறிப்பிட்ட இடத்தில் வெட்டி, சுவரோடு நிரந்தரமாகப் பிணைக்கிறது. இந்தத் திருகாணி கழலாது. அசினெட்டோபாக்டர் தன் புரதங்கள் சிலவற்றின் மேல் சர்க்கரை ஏற்றுகிறது. அந்த நொதியை ஆய்வகத்தில் எடுத்துவிட்டுப் பார்த்தபோது அது கட்டிய படலம் குறைந்தது.

"கடைசி மருந்துன்னு கோலிஸ்டின் எழுதினாங்க. அதுக்கும் 'ஆர்'னு வந்திருக்கு. அது எப்படி?"

இந்த ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடும்போது இன்றும் கை ஒரு நிமிடம் நிற்கும். கோலிஸ்டின் நேர் மின்னூட்டம் கொண்டது, கிருமியின் வெளியுறை எதிர் மின்னூட்டம் கொண்டது. இரண்டும் ஈர்த்து ஒட்டுவதால்தான் அந்த மருந்து உறையைக் கிழிக்கிறது. கிளெப்சியெல்லாவில் ஃபோ-க்யூ என்று ஓர் உணரி உண்டு. அது தூண்டப்பட்டால் ஃபோ-பி என்ற புரதத்துக்குப் பாஸ்பேட் போகும், அதிலிருந்து தொடரும் வேலையால் வெளியுறையின் மின்னூட்டமே மாறும், கோலிஸ்டின் ஒட்டாது. சாதாரணமாக எம்.ஜி.ஆர்.பி. என்ற சின்னப் புரதம் இந்த உணரிக்குப் பிரேக். அந்தப் பிரேக் ஜீன் உடைந்துபோன கிளெப்சியெல்லாவில் திருகாணி எப்போதும் போட்டபடியே இருக்கும். பாருங்கள், அச்சும் திருகாணியும் இங்கே கைகோத்துக்கொள்கின்றன. முந்தைய கேள்விக்கு நான் சொன்ன வித்தியாசம் புரிவதற்காக. கிருமிக்குள் இரண்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும்.

ஒரு குறிப்பு, லேபில் வேலை பார்ப்பவர்களுக்கு. கோலிஸ்டினைக் காகித வட்டத்தில் பார்க்காதீர்கள், அந்த மருந்து தட்டில் இருக்கும் அகார் ஜெல்லியில் சரியாகப் பரவாது. சத்துத் திரவத்தில் மருந்தின் அளவைக் குறைத்துக் குறைத்துப் பார்க்கும் பிராத் மைக்ரோடைல்யூஷன்தான் நம்பத் தகுந்தது.

"நாமக்கல் கோழி சாப்பிட்டதால எதிர்ப்பு வந்துச்சாங்க?"

ஒருவருக்கு வந்த ஒரு தொற்றை ஒரு கறித்துண்டோடு முடிச்சுப் போட முடியாது. நன்றாக வெந்த கறியில் கிருமி உயிரோடு இருக்காது. ஆனால் பண்ணையில் தீவனத்தோடு கோலிஸ்டின் போட்டதால் ஆபத்து இருந்தது உண்மை. எம்.சி.ஆர்-1 என்று ஒரு ஜீன், ஒரு கிருமியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடியது, 2015இல் சீனாவிலிருந்து வெளியே தெரிந்தது. அதுவும் வெளியுறையின் மின்னூட்டத்தைத்தான் மாற்றும். 2019 ஜூலையில் இந்திய அரசு உணவுக்கான விலங்குகளுக்கும் கோழிகளுக்கும் கோலிஸ்டினைத் தடை செய்தது. பச்சைக் கறி வெட்டிய பலகையில் காய்கறி நறுக்காமல் இருப்பது, கறியைத் தொட்ட கையைக் கழுவுவது, வீட்டில் நாம் செய்யக்கூடியது அவ்வளவுதான்.

"வெள்ளி கிருமியைக் கொல்லும்பாங்க. நம்ம ஊர்ல இல்லாத வெள்ளியா, டியூபுக்கு வெள்ளி பூசினா என்ன?"

பூசிப் பார்த்துவிட்டார்கள். வெள்ளி அயனிகள் கிருமியின் புரதங்களில் கந்தகம் இருக்கும் இடங்களில் ஒட்டி அவற்றைக் கெடுக்கும், அதனால் கேள்வி நியாயமானதுதான். 2012இல் பிரிட்டனில் 24 மருத்துவமனைகளில் 7,102 நோயாளிகளிடம் நடந்த பெரிய சோதனையில், குறுகிய நாள் போடும் யூரின் டியூபில் வெள்ளிக் கலவை பூசியதால் நோயாளிக்குத் தெரியும்படியான தொற்று குறையவில்லை. மூச்சுக்குழாயில் வைக்கும் டியூபில் ஓரளவு பலன் என்று 2008இல் ஒரு சோதனை சொன்னது. கிருமி வெள்ளிக்கும் பழகும், 1975இலேயே பாஸ்டனில் ஒரு தீக்காய வார்டில் வெள்ளி மருந்துக்கு அடங்காத சால்மோனெல்லா வந்திருக்கிறது.

"ஏற்காட்டு மூலிகைல பயோஃபிலிமைத் தடுக்க முடியுமான்னு புராஜெக்ட் பண்றேன். உதவுங்க."

நல்ல ஆசை, செய்யுங்கள். மூன்று விஷயங்களில் கறாராக இருங்கள். இலைச் சாற்றை எடுத்த மெத்தனாலை மட்டும் தனியாக ஒரு வரிசையில் ஊற்றிப் பாருங்கள். கிருமியைத் தடுத்தது இலையா, மெத்தனாலா என்று அப்போதுதான் தெரியும். 96 குழித் தட்டில், படலத்தை அளக்க உதவும் கிரிஸ்டல் வயலெட் சாயத்தைப் போடும் முன், மூன்று தடவை மெதுவாகக் கழுவுங்கள். வேகமாக ஊற்றினால் படலமே பெயர்ந்து போகும், நீங்கள் ஜெயித்ததாக நினைப்பீர்கள். காங்கோ ரெட் சாயம் கலந்த தட்டில் கருப்பாக வந்தது, அதனால் படலம் கட்டும் கிருமி என்பதை மட்டும் நம்பி எழுதாதீர்கள். அது குழித் தட்டோடு பல தடவை ஒத்துப்போகாது.

தட்டில் வேலை செய்தது நோயாளிக்குள் வேலை செய்யும் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். மஞ்சளின் குர்குமின் தட்டில் எத்தனையோ கிருமியை அடக்கும். விழுங்கினால் ரத்தத்தில் சேர்வது மிகக் கொஞ்சம். உங்கள் ஆய்வைக் குறைத்துச் சொல்லவில்லை. படித்துவிட்டு ஒரு குடும்பம் ஊசியை நிறுத்திவிடக் கூடாது என்ற கவலைதான்.

"வார்டு வாஷ்பேசின்ல டிபன் பாக்ஸ் கழுவினா சிஸ்டர் ஏன் திட்டுறாங்க?"

பேசினுக்கு அடியில் வளைந்த குழாயில் தண்ணீர் தங்கும். அங்கேதான் சூடோமோனாஸும் கிளெப்சியெல்லாவும் படலம் கட்டி வாழ்கின்றன. சாம்பார், டீ, மிச்ச குளுக்கோஸ் ஊற்றினால் அவற்றுக்குத் தீனி. படலம் வளர்ந்து மேலே ஏறி வரும், குழாயைத் திறந்தால் தண்ணீர் தெறித்து ஒரு மீட்டர் வரை போகும். பக்கத்தில் ஊசி மருந்து கலக்கும் மேசை இருந்தால் யோசித்துப் பாருங்கள். பினாயில் ஊற்றினால் போகாது, டிரம் வழவழப்பு அலசினால் போகாதது போலத்தான். கை கழுவும் பேசின் கைக்கு மட்டும். சிஸ்டர் சொல்வது முழுக்கச் சரி.

"டியூபோட வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. மலைக்குப் போறோம், எதுல கவனமா இருக்கணும்?"

பையில். என் அப்பாவை டியூபோடு ஏற்காட்டுக்கு அழைத்துப் போனபோது, கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஆடியதால் பை உருளாமல் இருக்கட்டும் என்று என் தம்பி அதை எடுத்து அப்பாவின் மடியில் வைத்தான். மூன்றாவது வளைவில்தான் பார்த்தேன். பையிலிருந்த மஞ்சள் தண்ணீர் டியூபில் மேலே ஏறி நிற்கிறது. பையில் ஒரு நாளாகத் தேங்கியது சிறுநீர்ப்பைக்குத் திரும்பிப் போனால், கிருமியை நாமே கையால் ஊற்றியது போல. வண்டியை நிறுத்தி, பையைக் காலி செய்து, முழங்காலுக்குக் கீழே சீட் கம்பியில் கட்டினோம்.

பை எப்போதும் இடுப்புக்குக் கீழே, ஆனால் தரையில் படாமல். கிளம்பும் முன் காலி செய்யுங்கள். டியூபையும் பையையும் பிரிக்காதீர்கள். தொடும் முன்னும் பின்னும் கை கழுவுங்கள். குளிர் காய்ச்சல், இடுப்பு வலி, திடீர்க் குழப்பம் வந்தால் மலையில் காத்திருக்காமல் கீழே வாருங்கள்.

"காய்ச்சல் இல்ல, ஒண்ணும் இல்ல. ஆனா ரிப்போர்ட்ல கிருமி, எல்லாத்துக்கும் 'ஆர்'. பொழைப்பாரா?"

இந்த ஜன்னலில் அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால் நிதானமாகச் சொல்கிறேன். கிருமி இருப்பது வேறு, நோய் இருப்பது வேறு. டியூப் இருக்கும் எவருடைய சிறுநீரிலும் கிருமி ஏறும் என்று மேலே கணக்கோடு சொன்னேன். காய்ச்சலோ வலியோ இல்லாதபோது, சிறுநீரில் கிருமி தெரிந்தது என்பதற்காக மட்டும் பெரும்பாலானவர்களுக்கு ஆன்டிபயாடிக் தேவையில்லை. கர்ப்பிணிகளும், சிறுநீர்ப் பாதையில் ஆபரேஷன் செய்யப் போகிறவர்களும் விதிவிலக்கு. தேவையில்லாமல் கொடுத்தால் படலம் அப்படியே இருக்கும், அதற்குள் தாங்கிப் பிழைப்பவை மட்டும் மிஞ்சும். டாக்டர் மருந்து எழுதவில்லை என்றால் அவர் அக்கறையில்லாமல் விட்டுவிடவில்லை.

"அந்தப் பாஸ்பேட் ஒட்டுறதையே தடுக்கிற மருந்து வராதா?"

தேடுகிறார்கள். ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தில் பாஸ்பேட் ஏற்றும் அந்த உணரி வகை மனித உடம்பில் கிடையாது என்பதால் நல்ல குறி. எம்.ஆர்.எஸ்.ஏ.வில் எஸ்.டி.கே-1 என்ற, பாஸ்பேட் ஏற்றும் வேறு வகை நொதியை நீக்கிப் பார்த்தால் பெனிசிலின் குடும்ப மருந்துகள் கொஞ்சம் நன்றாகக் கேட்கின்றன. ஆனால் நம் உடம்பிலும் அதே மாதிரி நொதிகள் ஏராளம், கிருமியுடையதை மட்டும் தொடும் மருந்து செய்வது கடினம். வார்டில் எழுதக்கூடிய மருந்தாக இன்று எதுவும் இல்லை.

"அப்படின்னா படலத்துல வச்சே டெஸ்ட் பண்ணி ரிப்போர்ட் குடுக்கலாமே?"

முறை இருக்கிறது. 1999இல் கனடாவின் கல்கரியில் ஒரு கருவி செய்தார்கள். மூடியில் 96 முளைகள், முளைகளில் படலம் வளரும், அதை மருந்தில் முக்கிப் பார்க்கலாம். ஆனால் அதில் கிடைக்கும் எண்ணை வைத்து 'எஸ்', 'ஆர்' என்று பிரிக்கும் எல்லைக்கோடு இன்னும் யாரும் ஒத்துக்கொண்டு வகுக்கவில்லை. நோயாளி குணமாவதோடு அந்த எண் சரியாகப் பொருந்தினால்தானே ரிப்போர்ட்டில் போட முடியும்?

அதுவரை நான் செய்வது சின்ன வேலை. டியூபில் பல நாள் இருந்தவரின் சிறுநீர் வந்தால், வார்டுக்குப் போன் செய்து கேட்பேன்: "சிஸ்டர், டியூப் எத்தனை நாளாச்சு?" இரண்டு வாரத்துக்கு மேல் என்றால், "டாக்டர்கிட்ட கேட்டு டியூபை மாத்திட்டு, புது டியூப்ல வர்ற யூரினை அனுப்புங்க" என்பேன். பழைய டியூபிலிருந்து வரும் துளியில் அந்த டியூபின் சுவரில் வாழ்கிற கிருமியும் சேர்ந்து வரும். புதியதிலிருந்து வருவதுதான் சிறுநீர்ப்பைக்குள் இருப்பதைச் சொல்லும். சில நாள் அதே நோயாளியின் இரண்டு தட்டுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பேன். பழைய டியூபின் தட்டில் மூன்று நிறத்தில் கிருமி, புதியதில் ஒன்று மட்டும், அல்லது வெறும் தட்டு. அந்த வெறும் தட்டைப் பார்த்த கையோடு மறுபடி வார்டுக்குப் போன் போடுவேன்.